முதியோர் இல்லத்துக்குக் குட்டிக் குதிரையை அழைத்துப் போவதால் பயன் உண்டா? மதுரைப் பக்கம் அது நடக்குமா?

நடக்கும். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் ஒரு மட்டக்குதிரை அவ்வப்போது வந்து போகிறது. பயன் உண்டா என்றால், உண்டு. ஆனால் தெரபி என்றதும் மூட்டு வலி போய்விடும், மறதி நோய் குணமாகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

நீங்கள் வீடியோக்களில் பார்த்திருக்கக்கூடியது மினியேச்சர் ஹார்ஸ் என்ற தனி வகை. அமெரிக்காவில் அதற்கென்று இருக்கும் சங்கத்தின் அளவுப்படி, பிடரி மயிர் முடிகிற இடத்தில் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் வீட்டுச் சமையல் மேடை உயரம்தான். புளோரிடாவில் ஜென்டில் கேரசல் என்ற அமைப்பு இவற்றை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொண்டுபோகிறது. வழுவழுப்பான தரையில் சறுக்காமல் இருக்கக் குளம்புக்குச் சின்ன ஷூ மாட்டுவார்கள். உள்ளே லத்தி போடாமல் இருக்கவும் பழக்கிவிடுவார்கள். இந்த உயரத்தில் ஒரு பெரிய வசதி என்னவென்றால், சக்கர நாற்காலியில் இருப்பவரின் மடிக்கும், கட்டிலில் படுத்திருப்பவரின் கைக்கும் குதிரையின் முகம் நேராக வரும். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2011 முதல் நடப்பில் இருக்கும் விதிகள், மாற்றுத்திறனாளிக்கு உதவப் பயிற்சி பெற்ற மினியேச்சர் குதிரையை இடவசதி பார்த்துப் பொது இடங்களுக்குள் விடச் சொல்கின்றன. பெரியவர்களைப் பார்க்க வந்துபோகிற குதிரைக்கு அந்த உரிமை கிடையாது. அது இல்லம் கூப்பிட்டால் வருகிற விருந்தாளி, அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அந்த வகைக் குதிரையைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி. எங்களிடம் வருவது நாட்டு மட்டக்குதிரை, தோள் உயரம் ஏறக்குறைய நாலடி. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியதாம். அண்ணன் ஒருவர் காதுகுத்து, கல்யாண ஊர்வலங்களுக்கு அதைச் சாரட்டில் பூட்டுகிறார். கொட்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்டே வளர்ந்த பெட்டை. எங்கள் சமையலறையில் எவர்சில்வர் அண்டா விழுந்தாலும் ஒரு காதை மட்டும் திருப்பும். இந்தக் குணம்தான் வேண்டும், உயரம் அப்புறம். ஆனால் நாட்டியக் குதிரையைக் கூப்பிட்டுவிடாதீர்கள். யாராவது கை தட்டினால் அது காலைத் தூக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஆட்களோ சும்மாவே கை தட்டுகிறவர்கள்.

குதிரை வருவது குட்டியானையில்தான், அந்தச் சின்ன லோடு வண்டியில்! உள்ளே டைல்ஸ் தரை என்பதால் முற்றத்தோடு சரி. நடக்க முடியாதவர்களின் கட்டிலை வராண்டா ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் சங்கதி. குதிரையைப் பார்த்து "அய், எவ்வளவு அழகு" என்று கொஞ்சுவதெல்லாம் எங்களைப் போன்ற இளையவர்கள். பெரியவர்கள் வேலையில் இறங்கிவிடுவார்கள். தாத்தாக்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் ஒற்றையா இரட்டையா, கழுத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு பஞ்சாயத்து. அடுத்து வயது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியெல்லாம் இவர்களிடம் எடுபடாது. "வாயைத் தொறந்து காட்டுப்பா" என்று அண்ணனிடம் அதட்டிக் கேட்பார்கள். அவர் சொன்ன வயதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

அப்பத்தாக்களுக்கு அது வேறு. சித்திரையில் தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண். சிலருக்கு ஊர் எல்லையில் புரவியோடு நிற்கிற அய்யனாரும் கருப்பசாமியும் நினைவுக்கு வருவார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒருவர் தன் தலையில் இருந்த மல்லிகையை எடுத்துக் கடிவாளத்தில் சொருகினார். திருவாதவூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் மட்டும் நக்கல் பேர்வழி. அங்கே பிறந்த மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் கொண்டுவந்து ஒப்படைத்ததும், ராத்திரியில் அவை திரும்ப நரியாகிப் போனதும் மதுரையில் ஆவணி மூலத்துக்கு வருஷா வருஷம் நடக்கிற லீலை. குதிரையைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏன்டா தம்பி, ராத்திரி ஊளையிடுதா?"

இங்கேதான் பயன் எது என்று எனக்குப் பிடிபட்டது. எங்கள் இல்லத்தில் இருப்பவர்களிடம் நாள் முழுக்க நாங்கள்தான் கேள்வி கேட்கிறோம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மோஷன் போச்சா. குதிரை வந்தால் அவர்கள் கேட்கிறார்கள், நாங்கள் முழிக்கிறோம். அந்தக் காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய ஐயா ஒருவர் இருந்தார். மறதி நோய் முற்றி, என் பெயரைத் தினமும் புதிதாகக் கேட்பவர். குதிரையின் நெஞ்சுப் பக்கம் ஒரு முறை தடவிவிட்டு, "வார் உரசுது, நாளைக்குப் புண்ணாகும், அடியில துணி சுத்துடா" என்று அண்ணனைத் திட்டினார். மயிரை விலக்கிப் பார்த்தால் தோல் சிவந்துதான் இருந்தது. மறுநாள் குதிரை வந்ததே அவருக்கு நினைவில்லை. அதனால் வீணாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

உடம்புக்கும் கொஞ்சம் உண்டு. பக்கவாதம் வந்து கை மடங்கிப்போன ஒரு அம்மா, பிசியோதெரபி பந்தைக் கொடுத்தால் தூக்கி எறிவார். பிரஷைக் கையில் கட்டிவிட்டு, "குதிரைக்குச் சீவி விடுங்கம்மா" என்றால் தோளோடு சேர்த்துக் கையை நீட்டுவார். மற்ற நாளில் நாங்கள் கெஞ்சியும் நடக்காதது அது. இதற்கு மேல் மருத்துவப் பலன் என்று நான் எதையும் உங்களுக்கு விற்க மாட்டேன்.

எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. பயப்படுகிறவர்கள் உண்டு, வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, சின்ன வயதில் உதை வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் ஜன்னலில் இருந்து பார்க்கட்டும், இல்லையென்றால் டிவி பார்க்கட்டும். கையைப் பிடித்து இழுத்து வந்து குதிரை மேல் வைப்பது அசிங்கம். ரீல்ஸ் எடுக்க வருகிற கூட்டத்துக்கும் இதையே சொல்லிவிடுகிறேன். பாட்டியின் முகத்தைப் படம் எடுக்கப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

இனி குதிரையின் பக்கம். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. அதனால் சக்கர நாற்காலியை எப்போதும் தோள் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவோம், தொடுவதும் முதலில் கழுத்தில். ஊன்றுகோலை யாரும் உயர்த்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், குதிரைக்கு அது சாட்டை மாதிரி தெரியும். காதைப் பின்னால் மடித்தால், வாலை வெடுக் வெடுக்கென்று அடித்தால், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பெட் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு ஒரு விலங்குக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் வெயிலுக்கு அதில் பாதியே போதும். காலை ஏழு மணிக்கு வந்தால் எட்டுக்கு முடித்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் கூப்பிடுவதே இல்லை.

சாப்பாடுதான் தீராத சண்டை. வெல்லம், பொங்கல், முறுக்கு என்று ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருப்பார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வயிற்று வலியில் உருண்டு செத்தே போகலாம். மட்டக்குதிரைக்கு இனிப்பும் தானியமும் மிஞ்சினால் குளம்புக்குள் வீங்கி நடக்க முடியாமல் போகும். அருகம்புல்லை ஒரு கட்டு வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளங்கையை விரித்து அதில் வைத்துக் கொடுக்கட்டும், விரல் தப்பும்.

நர்ஸாக நான் விட்டுக்கொடுக்காதது சுத்தம். குதிரை லத்தியில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். சர்க்கரை நோயால் காலில் புண் இருப்பவர்கள், படுக்கைப் புண் இருப்பவர்கள் தள்ளியே இருக்க வேண்டும். லத்தி விழுந்த உடனே அள்ள வேண்டும். தொட்டவர் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ், வெறிநோய்த் தடுப்பூசிகள் போட்டதற்குச் சீட்டு கேளுங்கள். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையே வாங்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், அரசு கால்நடை மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார். மூக்கு ஒழுகுகிற குதிரை, தோலில் கட்டியோ புண்ணோ உள்ள குதிரை கேட்டுக்குள்ளேயே வரக் கூடாது, எவ்வளவு தெரிந்தவருடையதாக இருந்தாலும் சரி.

செலவு என்று பார்த்தால் வண்டி வாடகையும் அண்ணனுக்கு ஒரு தொகையும். சேவை என்று சொல்லி அவரைச் சும்மா வரச் சொல்லாதீர்கள், கொள்ளும் புல்லும் காசுக்குத்தான் வருகிறது. முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்.

அப்படி ஒரு குதிரை அமையாவிட்டால், பக்கத்தில் பால் ஊற்றுகிற வீட்டில் சாதுவான கன்றுக்குட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாடு வைத்திருந்தவர்கள். கன்று வந்தால் தாய்க்குப் பால் எவ்வளவு, தீவனம் என்ன என்று அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.