குட்டி யானைக்கு வந்த வேகச் சலான்: கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறேன். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறேன். ஓட்டுவது டிரைவர். விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் 78 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக என் செல்பேசிக்குச் சலான் வந்திருக்கிறது. அபராதம் 1,000 ரூபாய். "கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அந்த வேகம் போகவே முடியாது" என்று டிரைவர் சத்தியம் செய்கிறார். "கட்டாதே, கோர்ட்டுக்குப் போனால் குறைத்துவிடுவார்கள்" என்கிறார் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மைத்துனரின் பேச்சை முதலில் தள்ளிவையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இலகுரக வாகனம் வேக வரம்பைத் தாண்டினால் அபராதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 2,000 வரை போகலாம் என்கிறது. உங்களிடம் கேட்டிருப்பதே அந்தக் கீழ்வரம்புதான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, "ஐயா, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று கேட்பதற்கு அங்கே இடம் கிடையாது. கூடுவதற்குத்தான் இடம் இருக்கிறது. வெளியூர் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பாதியாகக் குறைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளை நம்பிச் சலானை ஆறப்போடுவதும் வீண்.

கோர்ட்டுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இது என் வண்டி இல்லை", "இந்த அளவீடு தவறு", "சட்டப்படி நோட்டீஸ் வரவில்லை" என்று ஏதாவது ஓர் உண்மையை மறுப்பதற்கு உங்களிடம் விஷயம் இருந்தால் போகலாம். அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போதைக்கு உங்கள் வேலை.

அதற்கும் முன்னால், வந்தது உண்மையான சலானா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் செயலிக் கோப்பை அனுப்பி, திறந்தவுடன் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. குறுஞ்செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியவேண்டும். அங்கே இல்லாத சலானுக்கு ஒரு பைசாவும் கட்டவேண்டாம்.

சலான் அங்கே இருந்தால் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிரிவு, எந்த இடம், எந்த அலுவலகம். பிரிவு 183 என்றால் வேகம் மட்டும்தான் குற்றச்சாட்டு. இணையத்தில் கட்டி முடித்துக்கொள்ளலாம். 184 என்று இருந்தால் அது ஆபத்தாக ஓட்டிய குற்றம், சிறைத் தண்டனைக்கும் இடமுள்ளது. வண்டி ஓட்டும்போது செல்பேசியைக் கையில் வைத்திருந்தது தவிர, 184இன் மற்றவற்றைப் பணம் கட்டி முடிக்கமுடியாது. அப்படியானால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவைத்துவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இடமும் முக்கியம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர், மணலி என்று போனால் 2022 முதல் அது ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லை. தண்டையார்பேட்டைக்காரரான நீங்கள் பழக்கத்தில் பக்கத்துப் போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போய் நின்றால், "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதும் இதைப் பொறுத்ததே. ஜார்ஜ் டவுனாக இருக்கலாம், திருவொற்றியூராக இருக்கலாம். சம்மனில் இருக்கும் பெயரை மட்டும் நம்புங்கள்.

இனி டிரைவரின் சத்தியத்துக்கு வருவோம். சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்பை மாற்றினார்கள். கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30. உங்கள் குட்டி யானை சரக்கு வண்டிதான் என்றாலும் எடையால் இலகுரகம். 78 என்பது வரம்பைச் சற்றே தொட்ட வேகம் இல்லை. நன்றாகவே தாண்டிய வேகம்.

கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசல் தொடங்கி வரிசைகட்டி நிற்கும் சாலை அது என்பது உண்மை. ஆனால் வரிசை ஓர் ஓரமாக நிற்கும்போது மற்ற பாதை விடியற்காலையில் காலியாகக் கிடப்பதும் உண்மை. சத்தியத்தைவிடச் சலானோடு இருக்கும் படம் நன்றாகப் பேசும். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ இதற்காகவே இருக்கிறது. குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை சலானோடு இருக்கவேண்டும் என்று அது கேட்கிறது. கருவிக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வைக்கவேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டகத்துக்குள் உங்கள் வண்டி மட்டும் இருக்கிறதா, பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி ஓடுகிறதா? ரேடார் கருவி அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. இரண்டு வண்டிகள் ஒட்டிப் போகும்போது அந்த 78 யாருடையது என்ற கேள்விக்கு இடம் உண்டு. எண் பலகையில் 3ஐ 8 என்று படித்திருக்கிறார்களா? மீன் பெட்டி, தார்பாலின், கதவில் எழுதிய பெயர் எல்லாம் உங்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லை என்றால் கோர்ட் வரைக்கும் போகத் தேவையில்லை. படத்தையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு சலான் போட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். இ-சலான் தளத்திலும் புகார்ப் பகுதி இருக்கிறது. உங்கள் எண்ணை வேறு யாரோ மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று தோன்றினால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வண்டி நல்லூர் சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால் ஃபாஸ்டேக் கணக்கு உங்களுக்குச் சாட்சி.

"கேமரா கோணலாக இருந்தது, அதனால் வேகம் கூடிவிட்டது" என்று சிலர் வாதிடுவார்கள். அது கைகொடுக்காது. நிலையாக நிற்கும் ரேடார் சாய்ந்து பார்த்தால் வேகம் குறைவாகத்தான் தெரியும். கோணல் உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்திருக்கும். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அன்றைய பதிவை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது 75 என்று காட்டினால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். டிரைவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், சலானைக் கட்டுங்கள். 45 என்று காட்டினால் உங்கள் கையில் ஒரு வழக்கு இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு 209. வேகம், ஆபத்தான ஓட்டல் ஆகிய இரண்டு குற்றங்களுக்கு மட்டும் அது ஒரு வேலி போடுகிறது. சம்பவ இடத்திலேயே "உங்கள் மேல் வழக்கு வரலாம்" என்று எச்சரித்திருக்கவேண்டும். அல்லது 14 நாளுக்குள் இடமும் நேரமும் குறித்த நோட்டீஸை ஓட்டுநருக்கோ உரிமையாளருக்கோ நேரில் கொடுத்திருக்கவேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கவேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்கவேண்டும். மூன்றும் இல்லாமல் தண்டிக்க முடியாது. கேமரா வழக்கில் யாரும் வண்டியை நிறுத்தி எச்சரிப்பதில்லை என்பதால், சலான் எந்தத் தேதியில் எப்படி வந்தது என்பது கனமான கேள்வி. அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ஆனால் விலாசத்தை முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இந்த வேலி விழுந்துவிடும். வீடு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் ஆர்.சி.யில் பழைய வியாசர்பாடி முகவரியையே வைத்திருப்பவர் இந்த வாதத்தை எடுக்கும்முன் யோசிக்கவேண்டும். முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது 49ஆவது பிரிவு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஓட்டியவர் டிரைவர் என்பதால் நீங்கள் வெளியே நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டியவர் யார், அவருடைய உரிமம் என்ன என்று அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் உரிமையாளர் சொல்லியே ஆகவேண்டும். அது 133ஆவது பிரிவு. 183ஆவது பிரிவோ, ஓட்டியவரோடு நிற்காமல், தனக்குக் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்டவைத்தவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் நான்காம் உட்பிரிவு மீன் வியாபாரிகளுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். வேக வரம்பை மீறாமல் முடிக்கமுடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொல்லி ஒருவர் உத்தரவு கொடுத்தால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சாட்சியம், அதாவது மறுத்து நிரூபிக்காதவரை போதுமான சாட்சியம். "ஐந்தரைக்குள் எண்ணூர்க் கடையில் இறக்கியாகவேண்டும்" என்று நீங்கள் டிரைவருக்கு அனுப்பிய குரல்பதிவு ஏதாவது இருந்தால், கோர்ட்டில் நின்று அவர் அதை எடுத்துக் காட்டலாம். ஏலம் தாமதமானால் கடைக்காரருக்குப் போன் செய்து தாமதத்தைச் சொல்வது உங்கள் வேலை. அந்தத் தாமதத்தை டிரைவரின் காலுக்கடியில் இருக்கும் ஆக்சிலேட்டரிலிருந்து வசூலிக்க நினைப்பது அநியாயம்.

அப்படியானால் பேசாமல் ஆயிரத்தைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். படத்தில் ஐயம் இல்லையென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கட்டினால் என்ன ஆகிறது என்று தெரிந்து கட்டுங்கள். 2019 திருத்தம் 200ஆவது பிரிவில் ஒரு கொக்கி வைத்திருக்கிறது. இணக்கக் கட்டணம் (வழக்காடாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டி முடித்த குற்றமும் முதல் குற்றமாகக் கணக்கில் ஏறும். இரண்டாவது முறை வேகத்துக்குப் பிடிபட்டால் உரிமம் போகும் வழிக்கு வந்துவிடும். பணம் கட்டிவிட்டதால் உரிமத்தின் மேல் வரும் நடவடிக்கை நிற்கவும் நிற்காது. ஓட்டுநர் உரிமமே சோறு போடும் மனிதருக்கு ஆயிரம் ரூபாயைவிட இது பெரிய விஷயம். ஓட்டியவர் அவர்தான் என்றால், கட்டுவதற்கு முன் அவருக்கு இதை விளக்குங்கள். உரிமத்தை நிறுத்திவைக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டுவைக்காமல் பதில் எழுதவேண்டும். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம்.

கட்டவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று சும்மா இருப்பவர்கள்தான் அதிகம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்ற காலவரம்பை யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்கள். வரம்பு உண்மைதான். ஆனால் வழக்கு அதற்குள் தாக்கலாகியிருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. மேலும், உங்களுடையது வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓடும் வண்டி. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கப் போகும் நாளில் நிலுவைச் சலான் குறுக்கே படுத்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் வண்டி நின்றால் மீன் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மறுப்பது என்று முடிவெடுத்தால், வழக்கு, இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் இணையதளத்தில் அபராதம் கட்டலாம், அல்லது எதிர்த்து வழக்காடுவதாகத் தெரிவிக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு நேரடி நீதிமன்றத்துக்கு மாறும். சம்மனில் உள்ள தேதியில் காலையிலேயே போய்விடுங்கள். சம்மன், சலான் நகல், ஆர்.சி., டிரைவரின் உரிமம், வண்ணத்தில் அச்சிட்ட படம், ஜி.பி.எஸ். பதிவு இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். "ஒப்புக்கொள்கிறேன், ஆனால்..." என்று தொடங்காதீர்கள். ஆனாலுக்கு முன்னால் சொன்னதுதான் பதிவாகும். மறுக்கிறீர்கள் என்றால் "மறுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறொரு தேதி கொடுப்பார்கள். காவல்துறை சாட்சி வருவார். அப்போது கருவியின் ஒப்புதல் சான்று, மின்னணுச் சாட்சியச் சான்றிதழ், எச்சரிக்கைப் பலகை, நோட்டீஸ் அனுப்பிய தேதி பற்றி மரியாதையாகக் கேளுங்கள். ஒரே ஒரு சாட்சி "எனக்கு வேகமாகத் தெரிந்தது" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, கருவியின் கணக்கு வேண்டும் என்று 183(3) சொல்கிறது. கேமரா வழக்கில் இது அவ்வளவாகப் பயன்படாது. சாலையில் கைகாட்டி நிறுத்திப் போட்ட சலானுக்கு நன்றாகப் பயன்படும்.

ஆயிரம் ரூபாய் வழக்குக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்பது என் கருத்து, நீங்களே பேசலாம். தயக்கமாக இருந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் இலவச வழக்கறிஞர் கேட்கலாம் என்பதால் டிரைவருக்கு அது கிடைக்க வாய்ப்புண்டு.

தேதி கொடுத்த நாளில் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வாரன்ட் வந்தால், ஆயிரம் ரூபாய்ச் சங்கதிக்காக வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்.

எந்த வழியில் முடிந்தாலும் ரசீதையோ தீர்ப்பு நகலையோ வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கோர்ட்டில் கட்டிய பணம் தளத்தில் ஏறாமல் நிலுவை என்றே காட்டினால், ரசீது நகலோடு சலான் போட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி ஆர்.சி.யோடு வண்டியிலேயே வையுங்கள்.