கணினி கேள்வி பதில்: பழைய விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்

கே: விண்டோஸ் 7 உள்ள லேப்டாப்பில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலியாக விட்டேன். லினக்ஸ் மின்ட் இன்ஸ்டாலர் அந்த இடத்தை ‘அன்யூசபிள்’ என்கிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதா? (ஈரோடு வாசகர்)

ப: டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இடம் இருக்கிறது, அதைப் பதிந்து வைக்க அட்டவணையில்தான் வரி மிச்சமில்லை. அந்தக் காலத்து லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கின் முதல் செக்டாரிலேயே (செக்டார் என்பது டிஸ்க்கின் சிறு துண்டு) பார்ட்டிஷன் அட்டவணை. வரிக்கு 16 பைட் வீதம் 4 வரி, அதற்கு மேல் கிடையாது. பல கம்பெனிகள் நான்கையும் நிரப்பித்தான் விற்றன: சிஸ்டம் ரிசர்வ்ட், சி டிரைவ், ரெக்கவரி, கம்பெனியின் டூல்ஸ். ஐந்தாவதுக்கு வழியில்லை என்பதால் இன்ஸ்டாலர் கையை விரிக்கிறது.

நான்கில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். டூல்ஸ் பார்ட்டிஷன்தான் பலி கொடுக்க ஏற்றது. அதில் உள்ளதைப் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு, லைவ் மின்ட்டில் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் மின்ட்) ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் புரோகிராமைத் திறந்து அழித்துவிடுங்கள். அது டிஸ்க்கின் கடைசியில் இருந்தாலும் கவலை இல்லை. நமக்குத் தேவை அதன் இடமல்ல, அட்டவணையில் அது பிடித்திருந்த வரி. சிஸ்டம் ரிசர்வ்ட் 100 எம்பிதானே என்று அதில் கை வைக்காதீர்கள். விண்டோஸின் பூட் மேனேஜர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு இன்ஸ்டாலரில் ‘சம்திங் எல்ஸ்’ தேர்ந்தெடுத்து, 60 ஜிபி மேல் ப்ளஸ் பட்டனை அழுத்தி, வகை லாஜிக்கல், ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4, மவுண்ட் பாயிண்ட் ‘/’ என்று கொடுங்கள். லாஜிக்கலைச் சுமக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை, விடுபட்ட அந்த வரியில் இன்ஸ்டாலரே போட்டுக்கொள்ளும். கீழே பூட் லோடர் (எந்த சிஸ்டம் திறக்க வேண்டும் என்று மெனு காட்டும் புரோகிராம், லினக்ஸில் இதன் பெயர் கிரப்) எங்கே என்று கேட்கும் கட்டத்தில் முழு டிஸ்க்கையும் (எஸ்டிஏ) காட்டுங்கள். எஸ்டிஏ5 என்று பார்ட்டிஷனைக் காட்டினால் மின்ட் ஒழுங்காக ஏறும், ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறக்கும்.

இன்னொரு பொறி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து புது வால்யூம் போடப் போனால், டிஸ்க்கை ‘டைனமிக்’ (விண்டோஸுக்கே உரிய பிரிப்பு முறை) ஆக மாற்றட்டுமா என்று கேட்கும். பலரும் படிக்காமல் யெஸ் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க்கில் வேலை இல்லை. பழையபடி ‘பேசிக்’ ஆக்க விண்டோஸ் தரும் ஒரே வழி, எல்லா வால்யூமையும் அழிப்பது. இந்த வேலையை எப்படித் தொடங்கினாலும் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

கே: உபுண்டு எந்த எரரும் இல்லாமல் இன்ஸ்டால் ஆனது. ஆனால் கிரப் மெனுவில் விண்டோஸ் 7 காணோம். ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. (மதுரை வாசகர்)

ப: கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்க இரண்டு முறைகள் உண்டு: பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ. விண்டோஸ் 7 பழைய பயாஸ் முறையில் ஏறியிருக்கும், நீங்கள் பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்திருப்பீர்கள். யூஇஎஃப்ஐ முறையில் ஓடும் கிரப்பால் பயாஸ் முறை விண்டோஸை எழுப்ப முடியாது. பூட் மெனுவைக் கவனித்துப் பாருங்கள்: அதே பென் டிரைவின் பெயர் பெரும்பாலும் இரண்டு முறை வரும், ஒன்றின் முன்னால் மட்டும் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது அது இல்லாத வரி. சந்தேகம் தீர, லைவ் உபுண்டுவில் ஃபைல் சிஸ்டத்தின் சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐயில் நிற்கிறீர்கள்.

திரும்ப இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. சரியான முறையில் லைவாக பூட் செய்து, நெட் இணைப்போடு பூட்-ரிப்பேர் புரோகிராமை இறக்கி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் விண்டோஸ் வராவிட்டால் கிரப் வேறு சிஸ்டங்களைத் தேடவே இல்லை என்று பொருள். 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து, அந்தத் தேடலைச் செய்யும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது. இடிசி-க்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் ஃபைலில் அதை முடக்கும் வரிக்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்து, டெர்மினலில் ‘சுடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள்.

கே: எங்கள் அச்சகத்தில் பழைய டிடிபி சாஃப்ட்வேருக்காகவே ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டால் கடைசியில் ‘கோர் இமேஜ் பெரிதாக உள்ளது, இடம் போதாது’ என்று நிற்கிறது. (யாழ்ப்பாண வாசகர்)

ப: எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். எம்பிஆர் போக நடுவில் 62 செக்டார், அதாவது 31 கேபிதான் மிச்சம். கிரப்பின் இரண்டாம் பகுதியான கோர் இமேஜ் அந்தச் சந்துக்குள் அடங்க வேண்டும். விஸ்டாவிலிருந்து 2048-ஆம் செக்டாரில் தொடங்குவதால் புதுக் கம்ப்யூட்டர்களில் இந்தத் தலைவலி இல்லை. டிஸ்க் இடத்தை வேறு விதமாக நிர்வகிக்கும் எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவற்றுக்கான மாட்யூல்களும் சேர்ந்து கோர் இமேஜ் பருத்துவிடும். சாதாரண எக்ஸ்ட்4-க்கு மாறுங்கள், அல்லது பூட்டுக்கு மட்டும் 500 எம்பியில் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் கொடுங்கள், அடங்கிவிடும்.

சில விலை உயர்ந்த சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் புரோகிராமும் இதே சந்தில் ஒளித்து எழுதும். செக்டார் 32 ஃப்ளெக்ஸ்நெட்டின் (அப்படி ஒரு லைசென்ஸ் புரோகிராம்) பிடியில் இருக்கிறது என்று கிரப் சொன்னால் பயப்பட வேண்டாம், அதைத் தாண்டி எழுதிக்கொள்ளும். ஆனால் அந்த சாஃப்ட்வேர் அடுத்த முறை திறக்கும்போது தன் பங்கை மறுபடி எழுதி கிரப்பைக் கெடுத்ததும் உண்டு. டிடிபி வேலைதான் சோறு போடுகிறது என்றால், லினக்ஸுக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று போடுவதே நல்லது. பழைய போர்டில் ஹார்ட் டிஸ்க் இணைப்பு சாட்டாவா ஐடிஇயா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டதா? (திருச்சி வாசகர்)

ப: பேட்டரியை விடுங்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் போதும்.

கே: லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸ் 7-இல் இருந்தபடியே அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது ‘நோ சச் பார்ட்டிஷன்’, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று கறுப்புத் திரை. (கோவை வாசகர்)

ப: எம்பிஆரில் கிரப்பின் தலை இன்னும் இருக்கிறது, உடம்பு நீங்கள் அழித்த பார்ட்டிஷனில் போய்விட்டது. விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ கொடுங்கள். எக்ஸ்பி என்றால் ரெக்கவரி கன்சோலில் வெறும் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’. டிவிடி இல்லையென்றால் லைவ் லினக்ஸில் பூட்-ரிப்பேரின் அட்வான்ஸ்ட் பகுதியில் எம்பிஆரை மீட்டுத் தரும் வசதி இருக்கிறது. லினக்ஸை எடுக்க நினைக்கும் மற்றவர்கள் முதலில் எம்பிஆரைச் சரி செய்து, விண்டோஸ் தனியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பார்ட்டிஷனை அழியுங்கள்.