மணல் வரி, சுரபுன்னை வேர், ஏரி வெடிப்பு: கேமரா கேள்வி-பதில்

*தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலை விட்டுப்போன மணல் வரிகள் நேரில் செதுக்கி வைத்த மாதிரி இருக்கின்றன. படத்தில் சப்பென்று சாம்பலாக வருகின்றன. என்னிடம் இருப்பது செல்போன்தான்.*
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

போன் மேல் குற்றமில்லை. எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அந்த வரிகளின் உயரம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அவ்வளவு சின்ன மேட்டை நிழல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். உதயமாகி முக்கால் மணி நேரத்தில் சூரியன் ஏறக்குறைய 10 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது ஒரு சென்டிமீட்டர் மேட்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் நிழல். ஒன்பது மணிக்கு 45 டிகிரியை நெருங்கிவிடும். மணல் மேட்டின் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருக்காது என்பதால் நிழலே விழாது. ஆகவே உதயமாகிக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் உங்கள் நேரம்.

நம் கரைக்கு ஒரு வசதி உண்டு. அலை போடும் வரிகள் கரைக்கு இணையாக ஓடும், வெயிலோ கடல் பக்கமிருந்து அவற்றுக்குக் குறுக்கே வரும். கெடிலம் கடலில் சேரும் இடத்தில் நீரோட்டம் போட்ட வரிகள் வேறு திசையில் இருக்கும். அங்கே வரிக்குக் குறுக்கே வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நடக்க வேண்டும்.

கடலைப் பார்த்து நில்லுங்கள், உங்கள் நிழல் பின்னால் போய்விடும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். அது செருப்பையும் சேர்த்துக் காட்டும். இருந்தால் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸ் வைத்து, போனை மணலுக்கு இணையாகப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சாய்த்தால் முன்பக்கம் தெளிவாகவும் பின்பக்கம் மங்கலாகவும் வரும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். ஈர மணலின் பளபளப்பு வெளுத்துப் போனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சாம்பல் நிறத்துக்கு இன்னொரு காரணம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்வது. காலை வெயிலின் பொன்னிறத்தை அது கழுவிவிடும். புரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் வைத்தால் மேடு பொன்னிறமாகவும் பள்ளம் நீலமாகவும் பிரியும்.

எடுப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலையில் ஒரு நுரைக்கீற்று கிடந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். ஆனால் வரிகளுக்கு நடுவே ஒற்றைச் சிப்பியோ, நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகளோ கிடந்தால் ஒதுக்காதீர்கள். கோலத்தில் ஒரு புள்ளி பிசகினால் அதுதானே முதலில் தெரிகிறது! அந்தப் பிசகை நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

*பிச்சாவரத்தில் வேர்களும் தண்ணீரில் அவற்றின் பிம்பமும் சேர்ந்து வரும் வடிவத்துக்காகப் போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கினேன். பிம்பமே காணாமல் போய்விட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?*
- வாசகர், சிதம்பரம்

இல்லை, போலரைசரின் வேலையே அதுதான். நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது அது பிம்பத்தை அதிகமாக அழிக்கும். வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் பிம்பம் திரும்பி வரும். ஆனாலும் கழற்றி வைப்பதே நல்லது. ஒன்றரை ஸ்டாப், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை அது தின்றுவிடும், ஆடும் படகில் அது கட்டுப்படியாகாது.

ஷட்டர் வேகத்தை 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800, 1600 போனாலும் பரவாயில்லை. துடுப்பை நிறுத்தச் சொல்லி, அலை அடங்கியதும் எடுங்கள். பலர் கோட்டைவிடுவது ஃபோகஸில். பிம்பம் இருப்பது நீரின் மேல்பரப்பில் அல்ல. படகிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வேருக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் வருவதே பிம்பத்தின் தூரம். மிதக்கும் இலையில் ஃபோகஸ் வைத்தால் பிம்பம் மங்கும். வேரிலேயே வைத்து, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8 கொடுங்கள். வளைந்து இறங்கும் சுரபுன்னை வேரும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு வட்டமாகும் இடத்தைத் தேடுங்கள். கரையையும் வானத்தையும் வெட்டிவிட்டால் எது வேர், எது நீர் என்று பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

*கோடையில் வீராணம் ஏரியின் வெடித்த சேற்றை எப்படி எடுத்தாலும் செய்தித்தாளின் வறட்சிப் படம் போலவே இருக்கிறது.*
- வாசகர், காட்டுமன்னார்கோயில்

தொடுவானம் உள்ளே வருவதால்தான். அது இருந்தால் 'ஏரி வற்றிவிட்டது' என்ற செய்தி வந்துவிடும். கேமராவை நேர்கீழாகத் திருப்புங்கள். கால்தடம், புல், சாணி எதுவும் வேண்டாம். அளவைக் காட்டிக்கொடுக்கும் பொருள் இல்லையென்றால் அது சேறா, வானிலிருந்து பார்த்த நிலமா என்று தெரியாது.

பிறகு வெடிப்புகள் சந்திக்கும் முனைகளைக் கவனியுங்கள். முதல்முறை காயும் களிமண்ணில் ஒரு வெடிப்பு இன்னொன்றின் மேல் செங்குத்தாக முட்டி நிற்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்த இடத்தில் மூன்று வெடிப்புகள் 120 டிகிரியில் கூடி, தேன்கூடு போல அறுகோணமாகும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள், ஒழுங்கு கலைந்துபோகும். முதல்வகையில் கோடுகளை மூலைக்கு மூலை சாய்த்து வையுங்கள். இரண்டாம் வகையில் சட்டகம் முழுவதையும் நிரப்பினால் போதும். விளிம்பு சுருண்ட ஓடுகள் இருந்தால் எஃப் 11 தேவைப்படும். அதற்கு மேல், எஃப் 16, 22 என்று போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மென்மையாகிவிடும்.

*மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) இல்லாமல் வாழை இலையை எடுக்க முடியுமா?*
- வாசகி, பாகூர்

தாராளமாக. இலைக்கு அடியில் நின்று, வெயில் பின்னாலிருந்து ஊடுருவும்படி எடுங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 55 மில்லிமீட்டரில், அது ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரமே போதும். காற்றில் இலை சும்மா இருக்காது, 1/250 விநாடியாவது வேண்டும். நடுநரம்பைப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். கிழிந்த இலையென்றால் இன்னும் நல்லது.

*இந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாமா?*
- வாசகர், அரியாங்குப்பம்

மணலுக்கும் சேற்றுக்கும் சரி. வாழை இலைக்கு வேண்டாம்.