சாம்பல் விழுந்ததா, வந்து சேர்ந்ததா?

கேள்வி: அண்டார்க்டிகாவின் ராஸ் கடலின் அடியைத் துளைத்து எடுத்த ஒரு கோரின் (உருளை வடிவ மண் மாதிரியின்) படங்களை வைத்து முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். அதில் 3 செ.மீ. தடிமனில் கறுப்பு எரிமலைச் சாம்பல் அடுக்கு இருக்கிறது. அப்போது அங்கே திறந்த கடல் இருந்தது என்று எழுதலாமா? வயதைக் கணித்துத் தருவதாக ஒரு தரகர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் அடுக்கின் அடிக்கோட்டைப் பாருங்கள். வானிலிருந்து விழுந்து தண்ணீரில் இறங்கிய சாம்பலுக்கு அடிக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். கீழே பருமணல், மேலே பொடி. சாம்பலில் உள்ள எரிமலைக் கண்ணாடித் துணுக்குகளின் முனை மழுங்கியிருக்காது. களிமண்ணும் பலவகைக் கூழாங்கல்லும் கலந்திருந்தால் அது சரிந்தோ, பனியால் உழப்பட்டோ வந்த சரக்கு. அதை வைத்து ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நூறு மீட்டர் தடிமனில் பனித்தட்டு மிதந்தால் சாம்பல் அதன் முதுகில்தான் விழும். அடிச் சேற்றுக்கு நேரே போகாது. சுத்தமான அடுக்கு இருந்தால் மேலே பனித்தட்டு இல்லை என்று பொருள், அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் ஒன்று. குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பு ஓரிரு மீட்டர் உறையும். அதன்மேல் விழுந்த சாம்பல், கோடையில் பனி உடையும்போது இறங்கும். தாமதம் சில மாதம்தான், வயதுக்குக் கேடில்லை. ஆனால் பனி நகர்ந்திருக்கும், சாம்பலும் திட்டுத்திட்டாக விழுந்திருக்கும். நிலத்துப் பனியாற்றில் புதைந்த சாம்பலோ, ஆயிரக்கணக்கான ஆண்டு கழித்து, கடலில் மிதக்கும் பனிமலையில் ஏறி வந்து கொட்டலாம். அது பெரும்பாலும் கூழாங்கல்லோடு சிதறித்தான் கிடக்கும். ஆகவே ‘திறந்த கடல்’ வேண்டாம், ‘கோடையிலாவது பனி விலகிய கடல்’ என்று எழுதுங்கள். ஒட்டியுள்ள சேற்றில் டயட்டம் (வெளிச்சம் படும் நீரில் வாழும் நுண்பாசி) ஓடுகள் நிறைய இருந்தால் தைரியமாகவே எழுதுங்கள்.

இனி தரகர். பாறையை அப்படியே பொடித்துப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் ஒரு எண் கொடுப்பார். பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து வயது சொல்லும் முறை அது. ஆழ்கடலில் லாவா சட்டென்று கண்ணாடியாக உறையும்போது ஆர்கான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நேற்றுப் பிறந்த பாறை கிழடாகக் கணக்குக் காட்டும். ஹவாயின் கிலாவேயா எரிமலையிலிருந்து கடலடியில் வழிந்த பாறைகளில் இது 1968லேயே தெரிந்த விஷயம். சாம்பலிலோ கூடவே வந்த பழைய பாறைத்தூள் கொஞ்சம் போதும், கணக்கு கெட்டது. கேட்பதானால் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்களைத் தனித்தனியே எடுத்து, அதே முறையின் நுட்பமான வடிவமான ஆர்கான்-ஆர்கான் முறையில் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கும் முன், ஏற்கெனவே வெளியான வயதுகளைத் தேடுங்கள். 2006-07இல் ராஸ் கடல் பகுதியின் மக்மர்டோ பனித்தட்டில் ஆண்ட்ரில் என்ற துளையிடும் திட்டம் எடுத்த 1பி கோரில், கடலடியிலிருந்து 646 மீட்டர் கீழே உள்ள 2.8 மீட்டர் லாவாவுக்குச் சுமார் 65 லட்சம் ஆண்டு என்று எப்போதோ அச்சாகிவிட்டது. இதையெல்லாம் வகுப்பில் சொல்ல ஆளில்லை. ஆனால் ‘வயது எண் எங்கே?’ என்று கேட்டுக் கையெழுத்தை நிறுத்திவைக்க மட்டும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தரகர்களை வளர்ப்பதே இவர்கள்தான்.

அண்டார்க்டிகா கோர்கள் பல அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆய்வு மாதிரிக்கு விலை கிடையாது. எந்தக் கோர், எத்தனையாவது சென்டிமீட்டர், எத்தனை கிராம், எதற்கு என்று குறித்து, வழிகாட்டியின் பெயரில் விண்ணப்பியுங்கள். அந்தக் கையெழுத்தையாவது அவர் போடட்டும்.