மாநாட்டில் ஒரு புகார் வந்தால் யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் சங்கம் ஜனவரியில் இரண்டு நாள் மாநாடு நடத்துகிறது. அரங்கு, தங்கல், முதல் நாள் இரவு விருந்து எல்லாம் ஒரே ஹோட்டலில். சுமார் 300 பேர் வருவார்கள், பாதிப் பேர் முதுநிலை மாணவர்கள். போன ஆண்டு விருந்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு மாணவியிடம் தப்பாக நடந்துகொண்டதாகப் பிறகு பேச்சுவாக்கில் தெரியவந்தது. அந்தப் பெண் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு நடத்தை விதி போடலாம் என்றால், “நம்ம குடும்ப நிகழ்ச்சிக்கு இதெல்லாம் எதுக்கு?” என்கிறார்கள். சங்கத்தில் சம்பளத்துக்கு இருப்பது அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குச் சட்டம் பொருந்துமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அந்த உறுப்பினர் இந்த முறையும் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்குகிறார்.
– இணைச் செயலாளர் ஒருவர்

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழுவில் அதைச் சொன்னால்தான் மற்றது காதில் ஏறும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம் (போஷ் சட்டம் என்பார்கள்), வேலை நிமித்தமாகப் போகிற இடத்தையும், நிர்வாகம் ஏற்பாடு செய்கிற வண்டியையும் பணியிடம் என்றே கணக்கில் எடுக்கிறது. மருத்துவமனை அனுப்பி வருகிற டாக்டருக்கு உங்கள் ஹோட்டல் அரங்கும் பணியிடம்தான். மாணவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் இருக்கின்றன. மாணவி என்ற முறையில் அவர்கள் போகிற வெளியிடங்களும் அதில் வளாகத்துக்குள் அடங்கும்.

சங்கம் என்பதால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. வேலை செய்கிறவர்கள் பத்துப் பேருக்குக் குறைவு என்பதால், புகாரை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கும் கட்டாயம்தான் உங்களுக்கு இல்லை. உங்கள் உதவியாளர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அவர்கள் போக வேண்டிய இடம் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழு.

மாநாட்டுக்கு வருகிறவர்கள் கதை வேறு. புகார் சொல்கிறவர் ஒரு கல்லூரி, புகாருக்கு ஆளானவர் இன்னொரு மருத்துவமனை. முன்பெல்லாம் “அவர் எங்கள் ஊழியர் இல்லையே” என்று இரண்டு பக்கமும் கைகழுவ முடிந்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எதிராளி வேறு நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், பெண் தன் சொந்தப் பணியிடத்தின் குழுவிலேயே புகார் கொடுக்கலாம். எதிராளி சொந்த கிளினிக் வைத்திருக்கும் முதலாளி, அவரிடம் வேலை பார்க்கும் பெண்தான் புகார் சொல்கிறார் என்றால் உள்ளூர்ப் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டித்துத் தரலாம்.

அப்படியானால் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. இந்த ஆள் இந்த இரண்டு நாளும் இந்த வளாகத்தில் இருக்கலாமா, மேடை ஏறலாமா என்பது மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. உறுப்பினர்களில் பலருக்கு இந்த இரண்டும் குழம்புவதால்தான் “நாம என்ன போலீஸா?” என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் நிகழ்ச்சியில் யாரை அனுமதிப்பது என்பது ஏற்பாட்டாளரின் உரிமை. பதிவுப் படிவத்திலேயே அந்த நிபந்தனையைப் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டால் பிறகு தகராறு குறையும். பேச்சாளர்களுக்கும் ஸ்டால் போடும் கம்பெனிக்காரர்களுக்கும் அனுப்பும் கடிதத்திலும் அதே வரிகள் இருக்கட்டும். சட்டம் பெண்களுக்கானது. உங்கள் விதி ஆண்கள், திருநர் எல்லாரையும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

விதியை எழுதுவது சுலபம், ஒரு பக்கம் போதும். தண்டனையை மட்டும் முன்கூட்டியே கல்லில் செதுக்கி வைக்காதீர்கள். அமெரிக்காவில் ரீடர்கான் என்ற அறிவியல் புனைகதை மாநாட்டில் ‘துன்புறுத்தினால் ஆயுள் தடை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். 2012-இல் தெரிந்த முகம் ஒருவர் மீது புகார் வந்தது. நடந்தது உண்மை என்று தெரிந்த பிறகும் நிர்வாகக் குழு இரண்டு ஆண்டுத் தடையோடு நிறுத்திக்கொண்டது. எழுந்த எதிர்ப்பில் அந்தக் குழுவே ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. எச்சரிக்கை, பேட்ஜைத் திரும்ப வாங்குதல், உரையை ரத்து செய்தல், வருங்கால நிகழ்ச்சிகளுக்கு அழைக்காமல் இருத்தல் என்று படிப்படியாக எழுதி, எதைச் செய்வது என்பதை முடிவெடுப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அந்த முடிவெடுப்பவர்கள் யார்? எல்லாச் சிக்கலும் இங்கேதான். புகார் யார் மேல் வரும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் தலைமை விருந்தினர், முன்னாள் தலைவர், ஸ்பான்சரின் மேலாளர் இப்படித்தான் வரும். அன்று இரவு பத்தரை மணிக்குச் செயலாளர் தலைவருக்குப் போன் போட்டு, தலைவர் “காலைல பேசிக்கலாம்” என்று சொன்னால், காலையில் அந்த ஆள் மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார். ஆகவே மாநாட்டுக்கு முன்பே செயற்குழுவைக் கூட்டி, மூன்று பேருக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூவரில் இருவர் பெண்கள். ஒருவர் சங்கத்துக்கு வெளியே இருந்து, முடிந்தால் வழக்கறிஞர். இரண்டு பேர் ஒத்துப்போனால் யாரையும் கேட்காமல் பேட்ஜை வாங்கலாம் என்று அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும், தலைமை விருந்தினர் உட்பட. எதிராளிக்கு உறவினர், பார்ட்னர், பழைய மாணவர் என்று யாராவது மூவரில் இருந்தால் அவர் விலகிக்கொள்வார். இந்தத் தீர்மானம் நிறைவேறாமல் விதியை மட்டும் அச்சடிப்பதென்றால், அச்சுக்கூலி தண்டம்.

உங்கள் துறையில் இன்னொன்றும் உண்டு, வெளியாட்களுக்கு அது புரியாது. போஸ்டர் ஒட்டி நிற்கிற மாணவிக்கு எதிரே நின்று கேள்வி கேட்கிற பேராசிரியர், ஆறு மாதம் கழித்து அவளுடைய இறுதித் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக வரலாம். அவர் “டின்னருக்கு வாம்மா, தீசிஸ் பத்திப் பேசலாம்” என்றால் அவளால் எப்படி மறுக்க முடியும்? ஆய்வு பற்றிய பேச்சு அரங்கிலும் போஸ்டர் கூடத்திலும் மட்டும் என்று விதியில் ஒரு வரி போட்டால், மறுக்க அவளுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். தொழில் சங்கம் இதில் தலையிடுவது புதிதும் இல்லை. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2017-இல் துன்புறுத்தலை அறிவியல் முறைகேடு என்றே தன் நெறிமுறையில் சேர்த்தது. தரவைத் திரிப்பதற்கு இணையான குற்றமாக அதை வைத்தார்கள்.

அப்புறம் ஏற்பாடுகள். ‘மாநாட்டு உறுப்பினர்கள்’ என்று 300 பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் சேர்ந்த நிமிடமே எல்லாப் பெண்களின் நம்பரும் எல்லார் கையிலும். நிர்வாகிகள் மட்டும் செய்தி போட முடிகிற குழுவாக மாற்றினாலும் நம்பர் தெரியத்தான் செய்யும். வாட்ஸ்அப் சேனலோ எஸ்எம்எஸ்ஸோ பயன்படுத்துங்கள். பேட்ஜில் பெயரும் ஊரும் போதும். யாருக்கு எந்த அறை என்ற பட்டியலை வரவேற்பில் ஒட்டக் கூடாது, அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஹோட்டலுக்கு எழுத்தில் கொடுங்கள். இரவு வண்டியில் கடைசியாக இறங்குவது பெண்ணாக இருக்கக் கூடாது. விருந்தில் மது உண்டென்றால் தனி அறையில் வையுங்கள், நேரத்தோடு மூடுங்கள், மாணவர்களை அங்கே பரிமாற விடாதீர்கள். பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்க நிறுத்தும் கல்லூரிப் பெண்களை எட்டு மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டாம். இவர்கள்தான் அதிகம் படுகிறவர்கள், யாரிடம் சொல்வது என்றே தெரியாதவர்கள். ஸ்டாலில் நிற்கும் பெண்களும் ஹோட்டல் ஊழியர்களும் அப்படித்தான். விதி அவர்களுக்கும் பொருந்தும் என்று எழுதுங்கள்.

புகார் சொல்ல ஒரு போன் எண் வேண்டும். அதை பேட்ஜின் பின்பக்கம் அச்சிடுங்கள். அந்தப் போனை வைத்திருப்பவர் விருந்து முடிந்து கடைசி வண்டி கிளம்பும் வரை விழித்திருக்க வேண்டும், மது அருந்தக் கூடாது.

புகார் வந்தால், லாபியில் நின்று பேசாமல் ஒரு அறைக்கு அழைத்துப் போங்கள், அவளுக்கு நம்பிக்கையானவர் ஒருவர் கூட இருக்கட்டும். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே நேரம், இடத்தோடு எழுதி வாசித்துக் காட்டுங்கள். “நீ ஏம்மா அங்க போன?” என்ற கேள்வி வாயிலிருந்து வரக் கூடாது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சிலருக்கு அந்த ஆள் கண்ணில் படாமல் இருந்தால் போதும், சிலர் காவல் நிலையம் போக விரும்புவார்கள். இரண்டுக்கும் துணை நில்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து “பேசித் தீர்த்துக்கோங்க” என்பது வேண்டவே வேண்டாம். சட்டமே சமரசத்தை அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான் அனுமதிக்கிறது. அதிலும் பணம் பேசக் கூடாது. எதிராளியிடமும் தனியாகக் கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றிரவே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில நாளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

“பொய்ப் புகார் வந்தால்?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கெட்ட எண்ணத்தோடு தெரிந்தே பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போவது மட்டும் பொய்ப் புகார் ஆகாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது.

இனி போன ஆண்டு விஷயம். போஷ் சட்டத்தின் கெடு முடிந்துவிட்டது. காவல் நிலையத்துக்கு அந்தக் கெடு பொருந்தாது, என்றாலும் அது அந்தப் பெண்ணின் முடிவு. பெண் நிர்வாகி ஒருவர் அவளைத் தனியாகத் தொடர்புகொண்டு, “இப்படி ஒரு பேச்சு வந்தது, நீ எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொல்ல விரும்பினால் கேட்க நாங்கள் இருக்கிறோம்” என்று ஒரே ஒரு முறை சொல்லட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவள் கைடு வழியாக நெருக்கடி கொடுக்காதீர்கள். அவள் பேசினால், மூவர் குழு அந்த உறுப்பினரையும் அழைத்துக் கேட்டு முடிவு செய்யட்டும். பேசாவிட்டாலும், அமர்வுத் தலைமை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த இடம் இல்லையே. இந்த ஆண்டு அமர்வுத் தலைவர்கள் எல்லாரையுமே மாற்றிப் புதியவர்களைப் போட்டால், யாரையும் சுட்டிக்காட்டாமல் அவர் பெயர் நீங்கும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள்.