சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்

(வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா பகுதியில் பல ஆண்டுகள் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கோவையில் வசிப்பவர்.)

கேள்வி: கூகுளில் ஜேம்ஸ் டாமோர் என்ற பொறியாளர், தொழில்நுட்பத் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உயிரியல் காரணமும் இருக்கலாம் என்று எழுதியதற்காக 2017-இல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாக எங்கள் வகுப்பில் பேச்சு வந்தது. கருத்துச் சொன்னவரின் வேலையைப் பறிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது இல்லையா?
— பொறியியல் மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். பேச்சுரிமை தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் முதலாளியிடம் அது செல்லாது. ஊழியருக்குக் கொஞ்சமாவது கவசம் தருவது 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம். சம்பளம், வேலை நேரம், பணிச்சூழல் ஆகியவை பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசினால், கூடிக் குரல் கொடுத்தால், அதற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. தொழிற்சங்கம் இல்லாத இடத்துக்கும் இது பொருந்தும். டாமோரும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் முறையிட்டார். அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சட்டப் பிரிவு 2018 ஜனவரியில் எழுதிய ஆலோசனைக் குறிப்பு அவர் எழுதியதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. நிறுவனத்தின் கொள்கைகளை அவர் விமர்சித்த பகுதிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்திருக்கலாம். பெண்களின் உயிரியல் தன்மை பற்றிய பகுதிகள் பாகுபாடானவை, பணியிடத்தைக் குலைப்பவை, அவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. நிறுவனம் அவரை நீக்கியது இந்தப் பகுதிகளுக்காகத்தான் என்பதே அதன் முடிவு. டாமோர் அந்த முறையீட்டைத் திரும்பப் பெற்றார். தனியாகத் தொடுத்த வழக்கிலும் அவர் நீதிமன்றத்தை விட்டு, அதற்கு வெளியே தீர்த்துவைக்கும் சமரசத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டார். எஞ்சிய வழக்கும் 2020-இல் முடித்துவைக்கப்பட்டது. ஆகச் சட்டப்படி அந்த நீக்கத்தில் பிழை காணப்படவில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது சட்டத்தை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். டாமோர் எழுதிய அந்தப் பத்துப் பக்கக் குறிப்பை நான் முழுவதும் படித்திருக்கிறேன். திட்டித் தீர்க்கும் நடை அதில் இல்லை. ஆண், பெண் இரு பாலரின் இயல்புகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பகுதிநேர வேலையை மதிப்புள்ளதாக ஆக்குங்கள், கூட்டாக நிரல் எழுத வழி செய்யுங்கள் என்று சில யோசனைகளும் சொல்கிறார். அவை விவாதிக்கத் தக்கவை. ஆனால் அதே பக்கங்களில், பெண்கள் சராசரியாகப் பதற்றம் கூடியவர்கள், மன அழுத்தம் மிகுந்த வேலைகளில் அவர்கள் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார். அந்த நிறுவனத்தில் அப்போது ஊழியர்களே ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிட்டார்கள். பதவி உயர்வை முடிவு செய்வதிலும் அந்த மதிப்பீடுகளுக்குப் பங்கு இருந்தது. இப்படி எழுதியவர் நாளை தன் நிரலைச் சரிபார்க்க வரும்போது ஒரு பெண் பொறியாளர் என்ன நினைப்பார்? அவர் இந்த ஒரு குறையை எழுதியிருப்பது நிரலுக்காகவா, நான் பெண் என்பதற்காகவா என்று யோசிப்பார். நிரலில் பிழை தேட வேண்டிய நேரம் இந்த யோசனையில் போகும். ஆண் ஊழியர் யாருக்கும் இந்தக் கூடுதல் வேலை இல்லை.

சுந்தர் பிச்சை அப்போது குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தார். அங்கிருந்தே ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குறிப்பில் உள்ள பலவும் விவாதத்துக்கு உரியவைதான், ஆனால் சக ஊழியர்களில் ஒரு பிரிவினர் பிறப்பிலேயே இந்த வேலைக்குக் குறைந்த தகுதியுள்ளவர்கள் என்று சொல்வதை ஏற்க முடியாது என்றார். இந்தக் கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டார் என்பது என் கருத்து. அதன் பிறகு நடந்ததில்தான் எனக்கு வருத்தம். எல்லா ஊழியர்களும் கூடிப் பேச ஆகஸ்ட் 10 அன்று ஒரு கூட்டம் அறிவித்தார்கள். கேள்வி அனுப்பிய ஊழியர்களின் பெயர்கள் வெளியே கசிந்து, அவர்களைக் குறிவைத்துத் தாக்குதல் வரும் என்ற அச்சத்தில் கூட்டம் ரத்தானது. ஊழியர்களைக் காப்பது அவசியந்தான். ஆனால் அதற்குப் பிறகாவது டாமோரின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்து வைத்து, இது சரி, இது தவறு, ஏன் தவறு என்று நிறுவனம் விரிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லாததால் அவர் பக்கம் நின்றவர்களுக்கு, பதில் இல்லாததால்தான் வாயை அடைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தது. பதில் நிறையவே இருந்தது.

கேள்வி: அப்படியானால் அந்தப் பதிலை நீங்களே சொல்லுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இயற்கையிலேயே வேறுபாடு இருப்பது உண்மைதானே?
— வாசகர், வேளச்சேரி

பதில்: சராசரிகளில் சில வேறுபாடுகளை உளவியல் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வுகளைச் செய்தவர்களுள் ஒருவரும், டாமோரால் சான்று காட்டப்பட்டவருமான டேவிட் ஷ்மிட், ஒரு முழுக் குழுவின் குணத்தைப் பாலினத்தை வைத்து முடிவு செய்வது கோடரியால் அறுவை சிகிச்சை செய்வதைப் போன்றது என்று எழுதினார்.

எண்களைப் பாருங்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் ஏறக்குறைய 37 விழுக்காடு. அடுத்த தலைமுறைக்குள் அது 18 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. முப்பது ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை. வீட்டுக் கணினி ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. கல்லூரி முதல் வகுப்பிலேயே, ஏற்கெனவே கணினி தெரிந்த பையன்களை மனத்தில் வைத்துப் பாடம் நடந்தது. இந்தத் தொழிலில் பணமும் மதிப்பும் கூடின. அதற்கு முன் 1946-இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். அப்பல்லோ விண்கலத்தின் பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன். நம் ஊரில் எந்தப் பொறியியல் கல்லூரியின் கணினித் துறைக்குள்ளும் போய்ப் பாருங்கள், மலேசியப் பல்கலைக்கழகங்களில் கேட்டுப் பாருங்கள்: பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். இயல்பு காரணம் என்றால் கோலாலம்பூரிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் மதிய உணவின்போது, 'பெண்களுக்கு எண்ணிக்கை காட்டவே வேலை தருகிறார்கள்' என்று அடிக்கடி சொல்கிறார். பதில் சொன்னால் 'உணர்ச்சிவசப்படுகிறாய்' என்கிறார். மேலாளரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.
— வாசகி, சிறுசேரி

பதில்: பொதுவான விவாதமாக அதை வளர விடாதீர்கள். "யாரைச் சொல்கிறீர்கள்? இந்தக் குழுவில் தகுதியில்லாமல் சேர்ந்தவர் யார், எந்த வேலையில் அது தெரிந்தது?" என்று எல்லார் முன்னிலையிலும் அமைதியாகக் கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டிய நிலை வந்தால் பெரும்பாலானோர் பின்வாங்குவார்கள். பெயர் சொன்னால், அது ஒரு சக ஊழியர் மீதான குற்றச்சாட்டு. அதை மேலாளர் சிரித்துக் கடந்துபோக முடியாது. அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்னார் சொன்னது இது, இவர்கள் கேட்டார்கள், அவ்வளவு போதும். உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டது என்று அதில் எழுத வேண்டாம். அதற்கு உங்களுக்கு முழு நியாயமும் உண்டு. ஆனால் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: டாமோர் நீக்கப்பட்டது பெண் ஊழியர்களுக்கு வெற்றிதானே? அதைக் கொண்டாடுவதில் என்ன தவறு?
— வாசகி, திருச்சி

பதில்: அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் எது பேசத் தக்கது என்று முடிவு செய்யும் அதிகாரம் அன்று நிர்வாகத்தின் கையில் இருந்தது. அது அங்கேயேதான் தங்கியது. அடுத்தடுத்து யார் மீது பாய்ந்தது என்று பாருங்கள்.

2018 நவம்பர் 1 அன்று உலகம் முழுவதும் ஏறத்தாழ 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பாலியல் புகாருக்கு ஆளான ஓர் உயர் அதிகாரிக்கு 9 கோடி டாலர் கொடுத்து அனுப்பியது தெரிந்ததுதான் காரணம். அந்தப் போராட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது: பாலியல் புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் தனித் தீர்ப்பாயத்தில் அடைக்கும் கட்டாயத்தை நிறுவனம் கைவிட்டது. ஆனால் அதை நடத்தியவர்களில் மெரிடித் விட்டேக்கரும் கிளேர் ஸ்டேபிள்டனும் தாங்கள் பழிவாங்கப்பட்டதாகச் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. இருவரும் 2019-இல் வெளியேறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வேலை நேரத்தில் அரசியல் சர்ச்சை வேண்டாம் என்று புதிய விதிகள் வந்தன.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று 2022-இல் நடந்தது. தலித் வரலாற்று மாதத்தையொட்டி அங்குள்ள ஊழியர்களிடையே சாதி பற்றிப் பேச, அமெரிக்கத் தமிழரான தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டார். சில ஊழியர்கள் அவரை இந்துக்களுக்கு எதிரானவர் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஊழியர்களிடையே பிளவு உண்டாகிறது என்று சொல்லி நிறுவனம் பேச்சை ரத்து செய்தது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். அவரும் 2018 வெளிநடப்பை நடத்தியவர்களுள் ஒருவர். சாதியால் தாழ்த்தப்பட்டவர் அதைப் பற்றிப் பேச வந்ததும், பெண்கள் குறைவாக இருப்பதற்கு உயிரியலும் காரணமாகலாம் என்று ஒருவர் எழுதியதும், 'பணியிட அமைதி' என்ற ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. அமைதிதான் அளவுகோல் என்றால், நசுக்கப்பட்டவர் வாய் திறக்கும்போதெல்லாம் அது குலையத்தான் செய்யும். 2025 பிப்ரவரியில், பணிக்கு ஆள் எடுப்பதில் வைத்திருந்த பன்முகத்தன்மை இலக்குகளையும் அதே நிறுவனம் கைவிட்டது. அமெரிக்காவில் அரசு மாறியது, இலக்கும் போனது. முதலாளியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நின்றவர்களின் நிலை அன்று என்ன ஆனது?

கேள்வி: என்னோடு ஒரே நாளில் சேர்ந்த, அதே அனுபவமுள்ள ஆண் நண்பர் என்னைவிட அதிகம் வாங்குகிறார் என்று தற்செயலாகத் தெரிந்தது. சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் பணி ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்கலாமா, கூடாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: கேளுங்கள். இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் உலுக்கியது உங்களுடையது. பத்துப் பக்கக் குறிப்பைப் பற்றி உலகமே பேசிய அதே 2017-இல், அந்தச் சத்தம் அடங்குமுன், செப்டம்பரில், கெல்லி எல்லிஸ் என்ற பொறியாளரும் வேறு இருவரும் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள். நான்கு ஆண்டு அனுபவத்துடன் 2010-இல் சேர்ந்த தன்னை மூன்றாம் படியில், அதாவது சம்பளத்தைத் தீர்மானிக்கும் பதவி நிலையில், அமர்த்தினார்கள். சில வாரங்களில் சேர்ந்த, ஏறத்தாழ அதே அனுபவமுள்ள ஆணை நான்காம் படியில் அமர்த்தினார்கள் என்பது எல்லிஸின் புகார். அதே வழக்கில் பின்னர் சேர்ந்துகொண்ட ஹைடி லாமார், நிறுவனத்தின் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாக இருந்தவர். அங்கு மிகச் சிலராக இருந்த ஆண் ஆசிரியர்களுக்குத் தொடக்கச் சம்பளம் அதிகம் என்று அவர் சொன்னார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2022-இல் 11.8 கோடி டாலர் தர உடன்பட்டது. ஏறக்குறைய 15,500 பெண்களுக்கு அது பொருந்தியது. பெண்களின் இயல்பு பற்றிய வாதம் எதையும் வெல்லாமலேயே அவர்கள் இதை அடைந்தார்கள். தன் படியும் அடுத்தவர் படியும் தெரிந்ததுதான் தொடக்கம்.

அதற்கும் முன்பே, எரிகா பேக்கர் என்ற பெண் ஊழியரும் அவருடைய தோழர்களும் அங்கே ஓர் அட்டவணையைத் தொடங்கி, விரும்பியவர்கள் தங்கள் சம்பளத்தை அதில் எழுதச் செய்தார்கள். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள் என்று 2015-இல் அவரே வெளியே சொன்னார். பணியிடப் பேச்சுரிமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அட்டவணைதான்.

நான் நேர்காணல் குழுக்களில் பல காலம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் பெண்ணை வெறுத்துப் பேசிக் கேட்டதில்லை. பெண் என்றால் "இன்னும் கொஞ்சம் நிரூபிக்கட்டும்" என்று ஒரு படி கீழே எழுதுவார்கள். ஆண் என்றால் "வளரக்கூடியவர்" என்று ஒரு படி மேலே எழுதுவார்கள். அடுத்த பத்தாண்டுச் சம்பளம் அந்த ஒரு வரியில் முடிவாகிவிடும். அதனால் என் குழுவில் புதிதாகச் சேரும் பெண்களிடம் என் படியையும் சம்பளத்தையும் நானே சொல்லிவிடுவேன். சிலர் சங்கடப்பட்டார்கள். பிறகு அவர்கள்தான் அந்தச் சம்பள எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது இந்தியாவில் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மேலாளரிடம் நண்பரின் பெயரை இழுக்காதீர்கள். உங்களிடம் சொன்னதற்காக அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. "என் பதவிக்குரிய சம்பள வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன், எந்த அடிப்படையில் அங்கே வைத்தீர்கள்?" என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் வந்தால், "நீங்கள் இன்று சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று திருப்பி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் உள்ள அந்த ரகசிய விதியைக் கையெழுத்திட்ட நகலோடு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அது எந்த அளவுக்கு உங்களைக் கட்டுப்படுத்தும் என்று அவர் சொல்லுவார். குழுவில் உள்ள மற்ற பெண்களில் நம்பகமான ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் உங்கள் குறை என்பார்கள். இருவராகக் கேட்டால் அவர்களுடைய முறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஒரு மாதத்தில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். மனிதவளத் துறைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நாம் சேர்ந்து தயாரிக்கலாம். உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இதழில் வராது.