கெமிக்கல் டேங்கர் கேள்வி பதில்: அமிலமும் தண்ணீரும்

கெமிக்கல் டேங்கரில் சீஃப் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கடலூர் முதுநகர். அமிலச் சரக்கு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணே, கந்தக அமிலத்தைக் கப்பலில் பீப்பாயில் ஏற்றுவார்களா?

மொத்தச் சரக்குக்குப் பீப்பாய் கிடையாது தம்பி, கப்பலின் டேங்கிலேயே ஊற்றுவார்கள். 98 சதவீத அமிலம் லிட்டருக்கு ஏறக்குறைய 1.84 கிலோ. அதனால் டேங்கில் இடம் இருக்கிறதே என்று நிரப்பக் கூடாது. தகடு எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்க வேண்டும். கப்பலின் வெளித்தகடு அமில டேங்குக்குச் சுவராக இருக்கக் கூடாது என்பது ஐபிசி விதி, அதாவது ரசாயனச் சரக்குக் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு. நடுவில் காலி அறை இருக்கும், கசிந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் கட்டாயமா சார்?

கப்பலில் பெரும்பாலும் 316எல் என்ற ரக ஸ்டெயின்லெஸ்தான். ஆனால் 98 சதவீத அமிலத்தைச் சாதாரண இரும்பும் தாங்கும். கரையில் இருக்கும் சேமிப்பு டேங்குகள் பல அப்படித்தான்.

மஞ்சக்குப்பம், வேதியியல் ஆசிரியை: இதை ஏற்க முடியாது. லேபில் ஆணியைப் போட்டாலே நுரைத்துக் கரைகிறதே?

லேபில் நீங்கள் எடுப்பது நீர்த்த அமிலம் டீச்சர். அடர் அமிலம் பட்டதும் இரும்பின் மேல் இரும்பு சல்பேட் படலம் ஒன்று படியும். அடியில் உள்ள இரும்பைக் காப்பது அதுதான். தண்ணீர் சேர்ந்தால் படலம் கரைந்துவிடும், பிறகு அமிலம் இரும்பைத் தின்னும், ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். டேங்கின் மூச்சுக்குழாய் (வென்ட்) பக்கத்தில் வெல்டிங்கோ துரு தட்டும் சிப்பிங் சுத்தியலோ வேண்டவே வேண்டாம் என்று நான் கத்துவது இதனால்தான்.

சிப்காட், பிளான்ட் ஆபரேட்டர்: எங்கள் டேங்கில் தண்ணீர் போகவே இல்லை. ஆனாலும் மேன்ஹோல் (ஆள் இறங்கும் துளை) கழுத்தில் வரிவரியாக அரிப்பு.

நல்ல கேள்வி. ஹைட்ரஜன் குமிழ்கள் ஒரே தடத்தில் மேலேறி அந்தப் படலத்தைச் சுரண்டிக்கொண்டே போகும், அதுதான் அந்த வரி. குழாயில் அமிலம் வேகமாக ஓடினாலும் படலம் நிற்காது. தண்ணீர் போகவில்லை என்கிறீர்களே, மூச்சுக்குழாய் வழியாக ஈரக்காற்று போகிறதா என்று பாருங்கள். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அமிலமோ அதை உறிஞ்சிக்கொள்ளும்.

மீண்டும் ஆசிரியை: அப்படியானால் எல்லா அமிலத்துக்கும் ஸ்டெயின்லெஸ் என்று விதி வைத்துவிடலாமே?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸையே தின்றுவிடும் டீச்சர். அதற்கு ரப்பர் பூசிய டேங்க் வேண்டும். தூத்துக்குடிக்கு வருகிற பாஸ்பாரிக் அமிலத்தில், ஸ்டெயின்லெஸை அரிக்கும் குளோரைடு எவ்வளவு என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. வண்டலும் அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே வர வேண்டும். எல்லா அமிலத்துக்கும் தோதான ஒரே உலோகம் கிடையாது.

காரைக்கால்: சம்பளம் எவ்வளவு வரும்?

அது இங்கே வேண்டாம்.

பண்ருட்டி: ஸ்டெயின்லெஸ் போதுமா?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன், படியுங்கள்.

வீராம்பட்டினம், மீனவர்: இப்படிக் கப்பல் நம்ம கடலில் முழுகினா மீன் போச்சா?

2006 ஜனவரி கடைசியில் ஆங்கிலக் கால்வாயில் 'எஜே' (Ece) என்ற டேங்கர் இன்னொரு கப்பலோடு மோதி, மறுநாள் மூழ்கியது. உள்ளே 10,000 டன் பாஸ்பாரிக் அமிலம். திறந்த கடலில் அது கரைந்து நீர்த்துப் போகும். கடல்நீருக்கே அமிலத்தை ஓரளவு தணிக்கும் தன்மை உண்டு. கழிமுகத்தில் அப்படி இல்லை. 1998இல் பிரேசிலின் ரியோ கிராண்டே துறைமுகத்தில் கந்தக அமிலக் கப்பல் ஒன்றுக்குள் அமிலமும் தண்ணீரும் கலந்தன. கடைசியில் அந்தக் கலவையை அங்குள்ள நீரிலேயே விட வேண்டியதாயிற்று. உப்பனாற்று வாயில் நடந்தால் உங்கள் பயம் நியாயம்தான்.

அரியாங்குப்பம், பயிற்சி மாணவர்: இறக்கிய பிறகு அடியில் தங்கும் அமிலத்தைப் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா?

கூடாது. கொஞ்சம் தண்ணீர்தான் எமன். ஊற்றினால் நிறைய, வேகமாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். கடல்நீரில் கழுவினால் உடனே நன்னீரில் அலசுங்கள். வாயு சோதிக்காமல் யாரும் டேங்கில் இறங்கக் கூடாது.

அதே மாணவர்: கண்ணில் தெறித்தால்?

இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவு, பிறகு டாக்டர். சோடா மாவு போடாதே. டெக்கில் ஷவர் எங்கே இருக்கிறது என்று கப்பலேறிய அன்றே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகு.